சுவரில் ஏறிய திரை

கம்பாலாவில் வண்டெகேயா சந்தையின் மேல்தளத்தில் தலை பின்னும் கடைகள் ஒரே சந்தில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. நபுகேராவின் கடைக்கு எதிர்க்கடை ஹதிஜாவுடையது. நடுவில் ஒரு ஆள் சவுரி மூட்டையோடு போனால் இரண்டு பக்கமும் உரசும். ஹதிஜா கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க நபுகேரா கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. பார்க்காமல் இருக்கத்தான் பாடுபட வேண்டும்.

மசாகாவில் சித்தப்பா சாவுக்குப் போய்விட்டு அன்று மதியம்தான் திரும்பியிருந்தாள். துண்டைத் தோளில் போடும்போதே கண்ணில் பட்டது, ஹதிஜாவின் நாற்காலியில் தன் பழைய வாடிக்கை தோப்பிஸ்டா டீச்சர். பாதித் தலை பின்னி முடிந்திருந்தது. மடியில் ஹதிஜாவின் புது டேப்லெட். துபாயில் வேலை பார்க்கும் அத்தை மகன் அனுப்பியது. அதன் வெளிச்சம் டீச்சரின் மோவாயில் நீலமாக விழுந்திருந்தது.

டீச்சரின் தலை ஒன்று போனால் அதோடு நிற்காது. அவளுடைய தங்கைகள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்று பத்துத் தலை பின்னாலேயே போகும்.

நபுகேரா சும்மா இருக்கத் தெரியாதவள். பதினேழு வயதில் கம்பாலா வந்ததிலிருந்து அவள் விரல்கள் ஓய்ந்ததில்லை. ஆள் இல்லாத நேரத்திலும் உதிர்ந்த சவுரியை எடுத்துப் பின்னிக்கொண்டிருப்பாள், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது மேசைத் துணியின் ஓரத்தை முறுக்குவாள். பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், புருஷன் போன பிறகு வாடகை கட்டியதும் அந்த விரல்கள்தாம். அன்று மாலை முழுக்க அவை தப்பும் தவறுமாக ஓடின.

"எல்லாம் இந்தத் தரித்திரம் பிடிச்ச டேப்லெட்டால வந்தது," என்றாள் கூட வேலை செய்யும் அட்டிமிடம்.

அவளுடைய டேப்லெட் பழையது, கைமாறி வந்தது. மூலையில் விரிசல், அதன் மேல் கறுப்பு ஒட்டுநாடா. படத்தில் வருகிற எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி முகம். ஆனாலும் நாலைந்து மணி நேரம் உட்காரும் பெண்களுக்கு அதுதான் துணை. வெளிநாட்டுப் படம் ஓடும், அதன் மேல் வீஜே என்கிற கதைசொல்லி லுகாண்டா மொழியில் கதையைச் சொல்லி நக்கலடித்துக்கொண்டே போவார். சுட்ட வாழைப்பழம் தின்ற கையோடு எல்லோரும் அதை மடியில் வைத்துக்கொள்வார்கள்.

"டேப்லெட்டால யாரும் போகலக்கா," என்றாள் அட்டிம். "கழுவுறப்ப பச்சத் தண்ணிய ஊத்துறோமே, அதை யோசி."

அதை யோசிக்காமல் இல்லை. வெந்நீர்த் தொட்டிக்கும் தலை கழுவும் பேசினுக்கும் என்று சேமிப்புச் சங்கத்தில் போட்டு வந்த பணம் அந்த மாதம்தான் கைக்கு வந்திருந்தது. அந்தப் பணத்தோடு சனிக்கிழமை நபுகேரா கம்பாலா ரோட்டில் டேப்லெட் விற்கும் கடைக்குப் போனாள்.

விற்கிற பையன் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "இது போன வருஷத்துது. இது இந்த வருஷத்துது."

"என்ன தம்பி வித்தியாசம்?"

"இதுல கறுப்பு நிஜக் கறுப்பு. அதுல கறுப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியும்."

"போன வருஷம் நான் வந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"கறுப்பு நிஜக் கறுப்புன்னுதான் சொல்லியிருப்பேன்," என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். போன வருஷத்தது போதும், மிச்சத்தில் பேசின் ஒன்றாவது வரும் என்று கணக்கும் போட்டாள். அப்போது பையன் புதியதில் பின்னல் போட்ட ஒரு தலையின் படத்தைக் காட்டினான். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. வெளியே வந்து டாக்ஸி நிலையம் வரை நடந்தாள். சுட்ட சோளம் ஒன்று வாங்கிப் பாதி தின்றாள். பிறகு திரும்பிப் போய்ப் புதியதையே வாங்கிவிட்டாள்.

"தலை கழுவ வெந்நீர் இல்ல, கண்ணுக்கு நிஜக் கறுப்பு இருக்கு," என்றாள் அட்டிம்.

அவ்வளவு விலை கொடுத்ததை எண்ணெய்க் கைகளில் எப்படிக் கொடுப்பது? தச்சனைக் கூப்பிட்டுச் சுவரில் உயரமாக ஒரு இரும்புச் சட்டம் அடித்து, உள்ளே வைத்துப் பூட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சந்தில் யார் நடந்தாலும் அவள் பார்வை சட்டத்துக்குப் போய் வந்தது. முன்பு சிறுநீர் கழிக்கக் கீழே போனால் பக்கத்துக் கடைக்காரியோடு நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். இப்போது போன வேகத்தில் ஓடி வந்தாள்.

ஆறு வாரம் கழித்து தோப்பிஸ்டா வந்தாள்.

"என் தங்கச்சியச் சனிக்கிழமை பெண் பார்க்க வர்றாங்க. மூத்தவ நான்தான் முன்னால மண்டி போட்டு வரவேற்கணும். நல்லாப் பின்னிவிடு."

நபுகேராவுக்கு மனசு குளிர்ந்தது. எதிர்க்கடையை நிமிர்ந்து பார்த்தாள், ஹதிஜாவும் பார்த்தாள். தலை கழுவும்போது டீச்சர் தண்ணீர் பட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். நபுகேரா படத்தைப் போட்டாள்.

உச்சியும் பக்கங்களும் சுளுவாக முடிந்தன. பிடரிக்கு வந்தபோதுதான் தொல்லை. வீஜே ஏதாவது சொல்லுவார், டீச்சர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்துவிடுவாள்.

"குனிங்க டீச்சர்."

"குனிஞ்சிட்டுத்தானே இருக்கேன்."

குனிவாள். அடுத்த நக்கலுக்கு மறுபடி நிமிர்வாள். சீப்பின் முனை வகிடு எடுக்கும்போதெல்லாம் தலை நகர்ந்தது. ஒருவழியாக முடித்து, வழக்கம்போல பின்னந்தலையைப் போனில் படம் எடுத்து, சுவர்த் திரைக்கு அனுப்பிக் காட்டினாள்.

நிஜக் கறுப்பு. அதன் நடுவே வகிடுகள் பளிச்சென்று, ஒன்றுகூட நேராக இல்லை. பழைய திரையில் இதெல்லாம் மஞ்சளோடு மஞ்சளாக மறைந்திருக்கும்.

டீச்சர் வெகுநேரம் பார்த்தாள். "என்ன நபுகேரா இது, மழையில அரிச்ச ரோடு மாதிரி? மண்டி போட்டுத் தலை குனிஞ்சா மாப்பிள்ளை வீட்டார் முதல்ல பார்க்கிறதே என் பிடரியத்தானே."

"அவிழ்த்துத் திரும்பப் பின்னிடறேன் டீச்சர். நீங்க தலைய மட்டும் ஆட்டாதீங்க."

"டிவிய மச்சுல ஏத்திட்டுக் குனின்னா? எனக்கு உச்சந்தலையிலயா கண்ணு இருக்கு?"

நபுகேராவின் கை நின்றது. இத்தனை வருஷமும் அந்த விரிசல் விட்ட சனியன் மடியில் கிடந்ததால்தான் எல்லாத் தலையும் சொல்லாமலே குனிந்து இருந்திருக்கிறது. திரை சுவரில் ஏறுவதற்கு முன் பிடரிக்குக் குனியச் சொல்லி அவள் யாரையும் கெஞ்சியதாக நினைவே இல்லை.

சாவியைத் தேடி எடுத்துச் சட்டத்தைத் திறந்தாள். டீச்சரின் விரல்களில் வாழைப்பழப் பிசுக்கு பளபளத்தது. சவுரி வந்த பாலிதீன் பை ஒன்றை உதறி, டேப்லெட்டை அதற்குள் போட்டு, வாயை ரப்பர் வளையத்தால் கட்டி மடியில் வைத்தாள்.

"கலங்கலாத் தெரியுதே," என்றாள் டீச்சர். "உன் பழசு மாதிரியே இருக்கு."

அட்டிம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஆனால் டீச்சர் குனிந்தாள், குனிந்தபடியே சிரித்தாள். வகிடு நூல் பிடித்தாற்போல இறங்கியது. பாதி வந்ததும் நபுகேராவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போன தடவை எதிர்ல போயிட்டீங்களே டீச்சர். அங்க படம் நல்லாத் தெரியும்னா?"

"எந்தப் படம்? நீ மசாகாவுக்கு இழவுக்குப் போயிட்ட. தலைய அவிழ்த்துப் போட்டுக்கிட்டு நீ வர்ற வரைக்கும் நான் பள்ளிக்கூடத்துல நிக்கணுமா?"

அது நிஜமா, முகத்துக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. நபுகேரா அடுத்த பின்னலை எடுத்தாள்.

முடிந்ததும் பையை அவிழ்த்துப் படம் எடுத்துக் காட்டினாள். டீச்சர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துத் தலையசைத்தாள். ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டே, "தங்கச்சிகளை வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர்றேன். சின்னவளுக்குப் பச்சத் தண்ணி ஆகாது, தும்மிக்கிட்டே இருப்பா. கல்யாணப் பேச்சு நேரத்துல எதுக்கு," என்றாள்.

"சுட வச்சுடறேன் டீச்சர்."

எதில் சுட வைப்பது என்று தெரியவில்லை. டீச்சர் படியிறங்கிப் போனதும் கீழே கிடந்த சவுரித் துணுக்கை எடுத்து நபுகேரா பின்னத் தொடங்கினாள். அப்போது இரண்டு ஆட்கள் ஒரு வெள்ளை வெந்நீர்த் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து அந்தச் சந்துக்குள் வந்தார்கள். நபுகேராவின் கடை வாசலில் ஒரு நொடி நின்று மூச்சு வாங்கினார்கள். பிறகு ஹதிஜாவின் கடைப் பக்கம் திரும்பினார்கள்.