கரண்டு பட்ட பனிக்கட்டி

வால் நட்சத்திரம் வந்த வருஷம் என் மனைவிக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் வில்லாபுரம் பக்கம் அதற்குப் பெயர் ‘கரண்டு வைக்கிறது’. நான் எட்டாவதோடு படிப்பை விட்டு ஐஸ் கம்பெனிக்குப் போனவன். கரண்டு என்றால் எனக்கு ஆளை அடித்துப் போடுகிற சமாச்சாரம். அது அவளுக்குள் என்ன செய்கிறது என்று யாரிடமும் கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

பசுமலையில் ஒரு கல்லூரியில் வால் நட்சத்திரத்தைப் பற்றிக் கூட்டம். மேடையில் காட்ட ஐஸ் கேட்டிருந்தார்கள். உருகாமலிருக்கச் சுற்றிய சாக்கை உரித்து, உமியைத் தட்டி, ஐஸ் கட்டியை மேசையில் ஏற்றிவிட்டு ஓரமாக நின்றேன். வாத்தியார் பேசினார். வால் நட்சத்திரமே அழுக்குப் பனிக்கட்டிதானாம். வான்வெளியில் அப்படிப்பட்ட பனியில் கதிர்வீச்சு பட்டுப்பட்டு, உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள் உண்டாகியிருக்கலாமாம்.

கூட்டம் கலைந்ததும் அவரைப் பிடித்தேன்.

“சார், ஆஸ்பத்திரியில வைக்கிற கரண்டும் இதுவும் ஒண்ணா?”

“கிட்டத்தட்ட ஒரே வகைதாண்ணே. யாருக்கு வைக்கிறாங்க?”

“வீட்ல. அப்ப அவளுக்கும் உள்ள புதுசா ஏதாச்சும் கூடுமா சார்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அங்க கட்டிய உடைக்கத்தாண்ணே வைக்கிறாங்க. பனியிலயும் மொதல்ல உடைக்கத்தான் செய்யும். உடைஞ்சதுக ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிடும். அதுவும் உசிரு இல்லண்ணே. செங்கல் மாதிரி. வீடு இல்ல.”

“சேர எம்புட்டு நாளாகும்?”

“லட்சக்கணக்கான வருஷம்.”

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதை அவளிடம் சொன்னேன்.

“உடைய வேண்டியதெல்லாம் உடைஞ்சாச்சு. இனிச் சேர வேண்டியதுதான் பாக்கி,” என்று சிரித்தாள். “ஐஸுக்கே உசிரு குடுக்குறது, ஐஸ்காரன் பொண்டாட்டிக்குக் குடுக்காதா?”

விளையாட்டாகச் சொன்னாள் என்றிருந்தேன். நம்பியிருக்கிறாள். கரண்டு வைத்துத் திரும்பும்போதெல்லாம் பஸ்ஸில் என் காதருகே, “இன்னைக்குக் கொஞ்சம் சேந்துருக்கும்,” என்பாள். நெஞ்சுத் தோல் கருகிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

ஒருநாள் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். இனிக் கரண்டு வைத்துப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து அவளிடம், “கரண்ட நிப்பாட்டிட்டாக,” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

“சேந்துருச்சா?” அவள் முகம் மலர்ந்தது. “அப்ப இந்தக் கோட்டுல தண்ணி படலாம்ல?”

கரண்டு வைக்க அடையாளமாய் நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அழியக்கூடாதென்று குளிக்க விடவில்லை. அன்று சாயங்காலம் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். மை லேசில் போகவில்லை.

“அழுத்தித் தேய்ங்க,” என்றாள். “இனி அது எதுக்கு?”