பருந்துக்குக் குடை மடித்தவள்

படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பை மாற்ற ஒரு முறை உண்டு. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பழைய விரிப்பை முதுகை ஒட்டிச் சுருட்ட வேண்டும். புதியதில் பாதியை அங்கே விரித்து, மீதியைச் சுருளாக முதுகடியில் செருக வேண்டும். பிறகு ஆளை இந்தப் பக்கம் உருட்டிவிட்டு, பழையதை உருவி, புதியதை இழுத்துவிட்டால் முடிந்தது. சுருக்கம் ஒன்றுகூட நிற்கக் கூடாது. நடமாடுகிறவனுக்குச் சுருக்கம் ஒன்றும் செய்யாது. மார்புக்குக் கீழே உணர்வில்லாதவனுக்கு அது நாளைக்கே புண்ணாகும்.

அக்காவின் கைகள் இந்த வேலையைப் பாதி முடித்திருந்தபோது வாசல் மணி அடித்தது. தம்பியின் முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டுப் போய், மருந்துக் கடைக்காரரிடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் செருகி வைத்திருந்த புது விரிப்பை உருவி எடுத்து, ஒரு உதறு உதறி, மறுபடி மூலையைப் பிடித்தாள்.

"என்னக்கா, பாதி முடிஞ்சுதே. மறுபடியும் எதுக்கு?"

"பாதியில நிறுத்தினா முதல்லேருந்துதான்."

"இது பெட்ஷீட்டு. இதைக் கட்டிக்கிட்டு யாரும் குதிக்கப் போறதில்ல."

"வாயை மூடிட்டு ஒருக்களிச்சுப் படு."

"நானா படுக்கறேன்? நீ உருட்டினா உருளறேன்."

வழக்கமாக இதற்கு மேலும் இரண்டு வார்த்தை வரும். அன்றைக்கு வரவில்லை. அவன் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அவனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது வருஷமாகப் படுக்கை. கைகளைத் தூக்குவான், விரல்கள் மடங்காது. சிறுநீரகம் களைத்துவிட்டது என்று டாக்டர் போன மாதம் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் அவனைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. சுவரொட்டிகளில் அவன் பெயர் பருந்து.

பருந்தை விமானத் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே அக்காதான். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவளை, கிழிந்த பாராசூட்டுக்குத் தையல் போட ஒருநாள் கூப்பிட்டார்கள். போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இருபத்தாறாவது வயதில் பாராசூட் மடிக்கும் உரிமம் வாங்கினாள். இரண்டு வருஷம் கழித்து, எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டாத தம்பியை இழுத்துக்கொண்டு போய்ப் பயிற்சி ஆசிரியர் முன்னால் நிறுத்தினாள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் தடவை விமானத்தின் கதவருகே நிற்கும்போது பெரிய பெரிய ஆட்களே சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். இவன், "போலாமா மாஸ்டர்?" என்று கேட்டான்; பதில் வருவதற்குள் போய்விட்டான்.

"உன் தம்பிக்குப் பயமே இல்லம்மா," என்றார் மாஸ்டர் கீழே வந்து. "அது ஒரு குறை. பாத்துக்கோ."

பார்த்துக்கொள்ள அவன் எங்கே நின்றான்? ஓடுகிற லாரியின் கூரையில் இறங்கினான். நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தபடி விழுந்தான். தரைக்கு வந்தபோது தலைப்புச் செய்தி மட்டும் கையில் மிஞ்சியிருந்தது. ஒரே நாளில், சூரியன் உதித்ததிலிருந்து மறைவதற்குள், நூற்றுப் பன்னிரண்டு தடவை குதித்து நாட்டின் சாதனையை முறியடித்தான். அன்றைக்கு அக்காவும் இன்னும் ஐந்து பேரும் கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே நின்று மடித்தார்கள். மதியத்துக்குள் அவள் விரல் நுனித் தோல் உரிந்துவிட்டது. ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு மடித்தாள். மறுநாள் பேப்பரில் அவனைத் தோளில் தூக்கிய படம் வந்தது. ஓரத்தில் அக்காவின் முழங்கை தெரிந்தது.

குதிக்கிறவன் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும்; அவர்கள் பேச்சில் குடை. முதலாவது காலை வாரினால் இரண்டாவது. அதற்கு ரிசர்வ் என்று பெயர். அதை உரிமம் உள்ள கைதான் மடிக்க வேண்டும். மடித்து, நூல் கட்டி முத்திரை வைத்து, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். எதற்காக இடையில் நிறுத்தினாலும், யார் கூப்பிட்டாலும், திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் உதறிப் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த மடிப்பில் விட்டோம் என்று ஞாபகத்தை நம்பக் கூடாது. கொட்டகைச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்.

பருந்தின் முப்பத்தொன்பதாவது வயதில், பெரிய கூட்டத்துக்கு முன்னால், முதல் பாராசூட்டின் கயிறுகள் முறுக்கிக்கொண்டன. ரிசர்வ் திறந்தது, ஆனால் முழுதாக விரிந்து வேகத்தைக் குறைப்பதற்குள் தரை வந்துவிட்டது. கழுத்தெலும்பு நொறுங்கியது. சூரியனுக்கு நேராக அவன் விழுந்ததால் பார்த்தவர்கள் ஆளுக்கொரு உயரம் சொன்னார்கள். மணிக்கட்டில் கட்டியிருந்த உயரமானி தூளாகிவிட்டது. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவன் சொன்னான்: "ரெண்டாயிரம் அடியிலயே இழுத்துட்டேன். ரிசர்வ்தான் லேட்டாத் திறந்துச்சு."

அக்காவின் உரிமம் போயிற்று. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேச முடியவில்லை. அந்த ரிசர்வை மடித்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். அந்த வாரம்தான் அவள் கணவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். மடித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போய்ப் பேசிவிட்டு வந்தாள். வந்து, எல்லாவற்றையும் உதறினாளா? உதறியதாகத்தான் ஞாபகம். மின்விசிறிக் காற்றில் வெள்ளைத் துணி புடைத்து எழுந்தது கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அது அந்த நாள்தானா, வேறொரு நாளா? பத்தொன்பது வருஷமாக அவள் அந்தக் கொட்டகைக்குள் போய்ப் போய்த் திரும்புகிறாள். தன் கைதான் அவனை முடக்கிப் போட்டதா என்பது அவளுக்குத் தெரியாது.

பருந்தின் மனைவி ஆறு மாதம் பார்த்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தேழு வயதுப் பெண். அக்கா தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்களோடு உட்கார்ந்து நோயாளிப் பராமரிப்புப் படித்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, குதிகாலில் சிவப்புத் தெரிகிறதா என்று பார்ப்பது. அன்றிலிருந்து இன்றுவரை அவன் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை.

விரிப்பு மாற்றிய அன்று மதியம் அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். ஒரு கன்னம் முடிந்தது.

"அக்கா."

"பேசாதே. கழுத்துல கத்தி இருக்கு."

"இருக்கறப்பவே சொல்லிடறேன். அப்புறம் தைரியம் வராது. இன்னும் நீ அந்தப் போனையே நினைச்சுக்கிட்டு இருக்கேதானே? அன்னைக்கு நான் ரெண்டாயிரத்துல இழுக்கல."

கத்தி நின்றது.

"கையில கட்டின மீட்டர் முள்ளு நானூறு அடிக்குக் கீழ போயிடுச்சு. மொத குடையை எப்படியாவது உதறித் திறந்துடலாம்னு பாத்தேன். கீழ அவ்வளவு கூட்டம். ரிசர்வுல தொங்கிக்கிட்டு எறங்கினா பருந்துக்கு என்ன மரியாதை?"

அவள் மறு கன்னத்தையும் வழித்து முடித்தாள். சோப்பு நுரையைத் துடைத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"ஏன்டா சொல்லல?"

"மொதல்ல மானம். அப்புறம் அவளும் போயிட்டா. நீ ஒருத்திதான் இருந்தே. உன் மேல தப்புன்னு நினைக்கற வரைக்கும் நீ போக மாட்டேன்னு..."

"அம்மா செத்தப்ப உனக்கு ஆறு வயசு," என்றாள் அக்கா. "அப்ப நான் எந்த ரிசர்வைத் தப்பா மடிச்சேன்னு உன்னைத் தூக்கி வளத்தேன்?"



அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அழுதாளா என்றால், அழுதாள், கிண்ணம் நிரம்பி வழியும்வரை. பிறகு குழாயை மூடினாள். தம்பியைத் திருப்பும் நேரம் பத்து நிமிஷம் தவறியிருந்தது.

சாயங்காலம் அவள் கஞ்சி ஊட்டினாள்.

"ரெண்டு திட்டாவது திட்டேன்க்கா."

"நாளைக்குக் காலையில மாஸ்டரை வரச் சொல்லியிருக்கேன். அவர்கிட்ட சொல்லு."

"மாஸ்டர்கிட்டயா?" அவன் முகம் செத்துப்போயிற்று. "எங்கிட்ட இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு உனக்கே தெரியும். அவரு மட்டுமாவது என்னைப் பருந்துன்னு நினைச்சுக்கட்டுமே."

"எனக்கும் ஒரு பேரு இருந்துச்சு," என்றாள் அவள். வாயைத் துடைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு மாஸ்டர் வந்தார். எண்பதைத் தாண்டியவர், ஒரு கையில் தடி, ஒரு கையில் ஆப்பிள் பை. அக்கா அறையை விட்டுப் போகவில்லை. கால்மாட்டில் நின்று துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி அவளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். அப்புறம் அவன் குரலில் பழைய மிடுக்கு வந்தது.

"மாஸ்டர், உங்ககிட்ட ஒரு ரெக்கார்டு சொல்லாம விட்டுட்டேன். உலகத்துல எவனும் ரிசர்வை முந்நூத்தி எழுபது அடியில இழுத்திருக்க மாட்டான். நான் இழுத்திருக்கேன்."

மாஸ்டர் சிரித்தார். "எப்படா? எங்கிட்டயே கதை விடறியா?"

"கடைசியா குதிச்சேன்ல. அன்னைக்குத்தான்."

சிரிப்பு நின்றது. மாஸ்டர் நாற்காலியைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

"முந்நூத்தி எழுபதுல இழுத்து அது திறந்திருக்கா?" என்றார் மெதுவாக. "மூணு செகண்டு இருந்திருக்குமா? ஒரு மடிப்பு பிசகியிருந்தா இவனை நாம கூட்டி அள்ளியிருக்கணும்மா."

"ஆமா," என்றாள் அக்கா. கையிலிருந்த துண்டு மடிப்புக்கு வரவில்லை. வைத்துவிட்டாள்.

"உன் லைசென்சை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே நான்தான்."

"தெரியும் மாஸ்டர்."

"இத்தனை வருஷம் கழிச்சு நான் எழுதிக் குடுத்து என்னம்மா ஆகப் போகுது..."

"எழுதிக் குடுங்க. எழுதாம போயிடாதீங்க. பேப்பர், பேனா எடுத்து வெச்சிருக்கேன். ஆனா மணி ஒன்பதாச்சு, மொதல்ல இவனைத் திருப்பணும். அந்தத் தோளைப் பிடிங்க. இழுக்காதீங்க, சும்மா தாங்கிக்கிட்டா போதும்."

மாஸ்டர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். இருவருமாக அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கிவிட்டு, விரிப்பை இழுத்துச் சரி செய்தாள் அக்கா. அவன் முகத்தில் கண்ணீர் குறுக்கே வழிந்து தலையணையில் இறங்கியது. அதைத் துடைக்க அவனுக்குக் கை வராது. அவள் துடைத்துவிட்டாள்.

மாஸ்டர் பேனாவைத் திறந்தார். "என்னன்னு எழுதட்டும்?"

"நான் சொல்றேன், எழுதுங்க," என்றான் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே. இப்போது குரலில் மிடுக்கு இல்லை. "தேதி போடுங்க மொதல்ல. அப்புறம், தப்பு என்னுதுன்னு போடுங்க."

மாஸ்டர் எழுதத் தொடங்கினார். கட்டில் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பை முக்கால் நிறைந்திருந்தது. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு அதைக் காலி செய்யப் போனாள்.