பெருநாள் கறியும் நான்கு ஊசிகளும்

கெட்டுப்போன மருந்து என்று தெரிந்தே நான்கு வாரம் என் மனைவியின் தம்பிக்கு ஊசி போடவிட்டேன்.

அவன் மேலப்பாளையத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித் தறி நெய்கிறவன். பி வகைக் காமாலைக் கிருமி ஈரலில் தங்கிவிட்டது. ஆயுளுக்கும் மாத்திரை விழுங்க மாட்டேன் என்று இன்டர்ஃபெரானைக் கேட்டு வாங்கினான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிக் கிருமியோடு மோதவிடும் ஊசி. வாரம் ஒன்று, நாற்பத்தெட்டு வாரம். வெள்ளிதோறும் ஊசி போட்டதும் குளிர்காய்ச்சல் வரும். “சண்ட நடக்குது மச்சான், தொட்டுப் பாருங்க” என்று பல் கிட்டிக்கச் சிரிப்பான்.

இன்வெர்ட்டர் இருப்பதால் மருந்து எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளன்று உறவு வீடுகளில் அறுத்த குர்பானிக் கறிப் பங்குகள் வந்துகொண்டே இருந்தன. இடம் போதாமல், சற்று நேரத்துக்கென்று நான்கு வாரத்து ஊசிப் பெட்டிகளை ஃப்ரீசருக்குள் தள்ளினேன். மறந்தேன். மறுநாள் நான்கும் உறைந்து கிடந்தன. உறைந்தால் அந்த மருந்து வீண். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அது தெரியாதா? குளிர் நிற்காது, மருந்தை ஃப்ரிட்ஜ் கதவோரம் வைக்காதீர்கள் என்று வீட்டில் எல்லோரையும் அதட்டியவனும் நான்தான். அந்த வெட்கத்தில் உருகவிட்டு, ஈரம் துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

அந்த நான்கு வெள்ளியும் அவனுக்குக் காய்ச்சல் இல்லை. உடம்பு பழகிவிட்டது என்று மகிழ்ந்தான். பரிசோதனையில் கிருமி குறையவில்லை. மருந்து ஒத்துவரவில்லை, நிறுத்திவிடலாம் என்றார் மருத்துவர். அவன் தறிப்பக்கமே போகவில்லை.

அல்லாஹ்வின் நாட்டம் என்றாள் என் மனைவி. என் கை செய்ததை அல்லாஹ்வின்மேல் போட நான் சம்மதிக்கவில்லை. அவளிடம் உண்மையைச் சொன்னேன். குடும்பம் உடைந்துவிடும், வாயைத் திறக்காதீர்கள் என்று தடுத்தாள். உடையட்டும் என்று கிளம்பினேன்.

அவனையும் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு, அந்தப் பரிசோதனையை நம்ப முடியாது, முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். வெளியே வந்ததும் அவன் சொன்னான்:

“என் ஒடம்பு தோத்துட்டுன்னுல்லா நெனச்சேன். தோத்தது நீங்க மச்சான்.”

மருந்தை இப்போது வேறு வீட்டில் வைத்திருக்கிறான். ஆனால் வெள்ளிதோறும் ஊசி போட்டுக்கொண்டு, நடுங்கியபடி இரண்டு தெரு நடந்து வந்து என் கட்டிலில் உட்காருகிறான். சிரிப்பதில்லை.

“தொட்டுப் பாருங்க. காயுதா?”

தொடுகிறேன். கொதிக்கிறது. கிருமி குறைந்ததா என்று இன்னும் தெரியாது. என்னை மன்னித்ததாக அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.