ஓர்ப்படியின் குதிகால் மச்சம்

என் ஓர்ப்படி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, கொச்சி மட்டாஞ்சேரிக்கு மருமகளாய் வந்தபோது அவள் காலுக்கு நலங்கு வைத்தவள் நான்தான். மஞ்சள் பூசப் பாதத்தைத் தூக்கினேன். குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். பக்கத்தில் நின்ற மாமியார் பார்த்துவிட்டார்.

"உள்ளங்கால்ல மச்சம்! மகாலட்சுமி நடந்து வந்திருக்கா!"

அதோடு என் மவுசு போயிற்று. கொழுந்தனின் இஞ்சி வியாபாரம் ஏறியது மச்சத்தால். அவர் மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது மச்சத்தால். நானும் கதவைச் சாத்திக்கொண்டு என் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். வெடிப்புதான் இருந்தது. வெடிப்புக்குப் பலன் சொல்ல எந்த ஜோசியனும் இல்லை.

போன வருஷம் அந்த மச்சம் வளர ஆரம்பித்தது. வேறு வீடாக இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். எங்கள் வீட்டில் வாழ்த்தினார்கள். "யோகம் பெருசாகுது" என்று வந்தவர் போனவரெல்லாம் சொல்ல, எனக்கு வயிறு எரிந்தது. மிளகு புளியங்கொட்டை ஆனது. ஓரம் கோணல்மாணலாய்ப் பரவியது. ஒருநாள் கசிந்தது. அப்போதிலிருந்து அவள் என்னைக் கண்டால் காலுறை மாட்டிக்கொண்டாள். கொச்சிப் புழுக்கத்தில் காலுறை! என் கண் பட்டுவிட்டதாம். என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் அவள் வீட்டு ஏசி இன்னும் ஓடிக்கொண்டிருக்குமா?

என் பேத்தி பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மச்சம் மாதிரிக் கறுப்பாய் வரும் தோல் புற்றுநோயைப் பற்றித்தான் அவள் படிப்பு. லீவுக்கு வந்தவள் என் கையால் ஒரு சாயா குடித்துவிட்டு நேரே அடுத்த வீட்டுக்கு, ஓர்ப்படியிடம் போனாள். காலுறையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். பேத்தி முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாளே படகில் எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். நாலைந்து நாளில் முடிவு வந்தது: பேத்தி படிக்கிற அதே நோய், மெலனோமா. குதிகாலில் அந்த இடத்தை வெட்டி எடுக்கவேண்டும், தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அங்கே ஒரு முடிச்சையும் எடுத்து, பரவியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ஓர்ப்படி மாட்டேன் என்றாள். "யோகத்தை வெட்டி வீசச் சொல்றியா மோளே? அது குதிகால்ல சும்மா இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

பேத்தி அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என் மூட்டு வலிக்கு அந்த மடி ஒருநாளும் கிடைத்ததில்லை.

"சும்மா இருக்காது சின்னப் பாட்டி. ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசா ஒரு உறை உண்டு. அந்த உறையில கை மாதிரி ஒரு புரோட்டீன் நீட்டிக்கிட்டிருக்கும். அதால பக்கத்து செல்லைப் பிடிச்சுக்கிட்டு இருந்த இடத்துலயே இருக்கும். நோய் வந்த செல்லு அந்தக் கையை உதறிட்டு வேற மாதிரிக் கையை முளைக்க வைக்கும். அந்தக் கை ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடிக்கும். உள்ள நுழைஞ்சா ஈரலுக்கும் போகும், மூளைக்கும் போகும். நான் அங்க உக்காந்து பார்க்கிறது அந்த ஒரு கையைத்தான்."

"புரோட்டீன்தானே? நாளையிலேர்ந்து முட்டையும் பயறும் நிறுத்திடறேன். போதுமா?"

"அது தட்டுல இருக்கிறது. இதை அந்த செல்லே செஞ்சுக்குது. நீங்க பட்டினி கிடந்தா நீங்கதான் இளைப்பீங்க."

"பின்னே நீ அதுக்கு மருந்து கண்டுபிடி. நான் காத்திருக்கேன்."

"அது காத்திருக்காது, சின்னப் பாட்டி." பேத்தியின் கண் நிறைந்துவிட்டது. எனக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"விடுடி, அவ வெட்டிக்கமாட்டா," என்றேன். "நல்லதாப் போச்சு. இவ போயிட்டா ஏசி ரூம்ல நான் படுத்துக்கிறேன். நீயும் லீவுக்கு என்கூடத்தான் இருப்பே. கொழுந்தன் பாவம், அவருக்கு மீன்கறியும் நானே வச்சுக் கொடுக்கிறேன்."

ஓர்ப்படி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உன் மீன்கறியா? அந்த மனுஷனைக் கொன்னுடுவியே அக்கா!" பேத்தியின் பக்கம் திரும்பினாள். "மோளே, எப்போ வெட்டறாங்கன்னு போன் பண்ணிக் கேளு."

வெட்டினார்கள். தொடைத் தோலை எடுத்துக் குதிகாலில் ஒட்டினார்கள். முடிச்சு சோதனைக்குப் போனது. பெங்களூருக்குத் திரும்பிய பேத்தி தினமும் போன் செய்தாள், ஓர்ப்படிக்குத்தான். நான் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பேன். போன் என் கைக்கு வரும்போது "சரி பாட்டி, அப்புறம் பேசறேன்" மட்டும்தான் மிச்சமிருக்கும்.

ஒருநாள் காலை அடுத்த வீட்டில் கொழுந்தன் சத்தமாய் அழுதார். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். பேத்தி போனில் இருந்தாள். முடிச்சில் ஒன்றுமில்லை, பரவவில்லை, இனி அடிக்கடி போய்க் காட்டினால் போதுமாம்.

போனைப் பிடுங்கினேன். "உன் சொந்தப் பாட்டி நான். எனக்கு ஏன்டி முதல்ல சொல்லல?"

"உடம்பு அவங்களுதுல்ல, பாட்டி. அவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்."

"அவ குறட்டை விட்டுத் தூங்கினா. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தவ நானாக்கும்!"

ஓர்ப்படி கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீ எதுக்கக்கா முழிச்சுக் கிடந்தே?"

"கொசு," என்றேன்.