பூஜை போட்ட ரவுட்டர்

சேரப்பணஞ்சேரியில் டில்லிபாபு வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'நெட்டு பாபு' என்று கேளுங்கள், டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே வழி சொல்லிவிடுவார். ஒரு காலத்தில் கேபிள் டிவி ஒயரைத் தோளில் சுமந்து கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய மனிதர். ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்து, அவற்றில் வேலைக்கு வந்தவர்களுக்காகத் தெருவுக்குத் தெரு ஹாஸ்டல் முளைத்தபோது, அதே கம்பங்களில் இன்டர்நெட் இழுத்தார். பக்கத்து ஊர்களில் இதே தொழில் செய்தவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிகளிடம் லைனை விற்றுவிட்டு ஒதுங்க, இவர் மட்டும் மாட்டேன் என்று நின்றார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த லைன்தான் பிள்ளை என்று மனைவி கலைமதி சொல்லுவாள். கிண்டல் பாதி, நிஜம் பாதி.

காற்றில் வருவதை விற்றுக் காசு பார்க்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவரும் வாங்கித்தானே ஐயா விற்கிறார்! அவருடைய மாடி அறைக்குச் சென்னையிலிருந்து இரண்டு லைன்கள் வந்தன. ஒன்று, பேண்ட்வித் விற்கும் பெரிய கம்பெனியுடையது. அதில் உலகத்தின் எந்த மூலைக்கும் போகலாம், போவதற்கெல்லாம் மீட்டர் உண்டு. இன்னொன்று பியரிங் லைன். வீடியோ கம்பெனிகளும் இவரைப் போன்ற சின்ன ஆட்களும் சென்னையில் ஒரே கட்டடத்தில் நேருக்கு நேர் ஒயரைக் கோத்துக்கொள்கிற ஏற்பாடு அது. இடத்துக்கு வாடகை கட்டினால் போதும், மீட்டர் கிடையாது. ஷிப்ட் முடிந்து வரும் ஹாஸ்டல் பிள்ளைகள் பார்ப்பது முக்கால்வாசி வீடியோதான். அதெல்லாம் ஒரு மஞ்சள் ஒயர் வழியாகப் பியரிங்கில் வந்துவிடும். டில்லிபாபு இத்தனை காலம் கடையை மூடாமல் இருந்ததே அந்த மஞ்சள் ஒயர் புண்ணியத்தில்தான்.

மீட்டருக்கு என்று ஒரு விசித்திரக் கணக்கு. எவ்வளவு ஓடுகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்வார்கள். மாதக் கடைசியில் எல்லா அளவுகளையும் பெரியதிலிருந்து அடுக்கி, உச்சியில் நூற்றுக்கு ஐந்தைத் தள்ளிவிடுவார்கள். அடுத்து நிற்பது எதுவோ, அந்த அளவில் மாதம் முழுக்க ஓடியதாகப் பில் வரும். சுருக்கமாகச் சொன்னால், மாதத்தில் ஒன்றரை நாள் எவ்வளவு எகிறினாலும் மன்னிப்பு. அதற்கு மேல் கொஞ்சம் எகிறினாலும் மாதம் முழுவதற்கும் தண்டனை. இது டில்லிபாபுவுக்குத் தெரியாததல்ல, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முதல்நாள் காலையில் அந்த அறையைச் சுத்தம் செய்தார். ஒட்டடை அடித்தார். ஒயர்களைக் கழற்றித் தூசி துடைத்துத் திரும்பச் செருகினார். மறுநாள் ரவுட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. ஏணிக்கும் பொட்டு, ஒயர் வெட்டும் கட்டருக்கும் பொட்டு. லைன் நிலவரம் காட்டும் லேப்டாப்பைக்கூட மூடி, பொட்டு வைத்து, வரிசையில் உட்கார வைத்துவிட்டார். பூசணிக்காய் சுற்றி உடைத்து, பொரிகடலை கொடுத்து, அறையைச் சாத்தினார். பூஜை போட்ட பொருளை விஜயதசமியன்று மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. வட்டாரத்தில் தொழிற்சாலைகளே மெஷினை நிறுத்தி வைத்திருக்கும்போது இவர் தொடுவாரா?

அன்று மாலை விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போன கலைமதி திரும்பி வந்து சொன்னாள்.

"இன்னாங்க, அந்த மஞ்சா ஒயராண்ட பச்ச லைட்டு எரியலையே."

"நெட்டு வருதா இல்லியா?"

"வருது. எல்லாம் ஓடிக்கினுதான் கீது."

"அப்போ வுடு. பூ மறைச்சிக்கினு இருக்கும். பூஜ போட்ட பொருளு மேல கைய வெக்கக்கூடாது."

"இல்லீங்க, நான் பூவ வெலக்கிப் பாத்தேன்."

"நாளைக்குப் பாத்துக்கலாம் கலை."

முதல்நாள் காலையில் திரும்பச் செருகியபோதே மஞ்சள் ஒயர் முழுதாக உட்காரவில்லை. ஒரு சொடுக்குச் சத்தம் வரவேண்டும், வரவில்லை, அவர் கவனிக்கவும் இல்லை. பியரிங் அறுந்தால் இன்டர்நெட் நின்றா போகும்? அத்தனை வீடியோவும் மீட்டர் லைனில் ஏறிக்கொண்டது. லைன் நின்றிருந்தால் நூறு பேர் போன் செய்து அவரை அறைக்குள் விரட்டியிருப்பார்கள். ஓடிக்கொண்டே இருந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொழிற்சாலைக்கு லீவு, ஹாஸ்டல் பிள்ளைகள் பகலும் இரவும் படமாகப் பார்த்துத் தள்ளினார்கள். கலைமதி சொன்ன மாலையில் அந்த ஒன்றரை நாள் மன்னிப்பு இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது. அப்போதே விரலால் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுபூஜை விஜயதசமி மாலையில்தான் நடந்தது. கற்பூரம் காட்டிய கையோடு ஒயரை அழுத்தினார். சொடுக்கென்றது, பச்சை எரிந்தது. லேப்டாப்பைத் திறந்து மீட்டர் லைன் கணக்கைப் பார்த்தார். தலைக்கு மேல் வெள்ளம் போயிருந்தது, சாண் என்ன, முழம் என்ன.

பில் வந்ததும் சென்னைக்கு ஓடினார். கம்பெனியில் பில்லிங் பார்க்கும் மணிகண்டபிரபு தங்கமான பையன். நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, முழுக்கக் கேட்டான்.

"ஒயரு தப்பா சொருவிட்டேன் சார். பூஜ போட்டதால தொடல. இந்த ஒரு வாட்டி பாத்து செய்யுங்க."

"புரியுது சார். இங்கயும் சர்வர் ரூமுக்குப் பூஜ போட்டோம். மீட்டர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பில்லு நான் போடறதில்ல, சிஸ்டம் போடுது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி என்று கையைக் காட்டக்கூட ஆள் இல்லை. யாரைத் திட்டுவது? பஸ்ஸில் திரும்பும்போது தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். சொந்தச் செலவில் சூனியம், அதுவும் சந்தனம் குங்குமம் வைத்து.

கட்ட முடியவில்லை. கம்பெனி லைன் வேகத்தைக் குறைத்தது. வீடியோ வந்தாலும் மற்றதெல்லாம் இழுக்கிறது என்று ஹாஸ்டல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அழைப்புகளுக்குக் கலைமதிதான் பதில் சொன்னாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. தை பிறப்பதற்குள் எல்லோரும் விற்ற அதே மாதிரி ஒரு பெரிய கம்பெனிக்கு லைனை எழுதிக் கொடுத்தார்.

பொருளை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஈரத்துணியால் ரவுட்டர் மேலிருந்த சந்தனத்தைத் துடைத்தான். காய்ந்துபோன பொட்டு, லேசில் போகவில்லை, நகத்தால் சுரண்டினான். டில்லிபாபு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் உள்ளே போய் மஞ்சள் ஒயரைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, இத்த மட்டும் சவுண்டு வர்ற வரிக்கும் நல்லா அழுத்தி சொருவுங்க. பியரிங் லைனு."

"இது நமக்கு வேணாம்ணா. எங்களாண்ட வேற கீது" என்று சொல்லி அதைப் பிடுங்கிச் சுருட்டி அவர் கையில் கொடுத்தான்.