முதலாம் அறைக்கு நான் வைத்த பெயர்

கனடாவில் நான் வேலைக்குப் போகும் சிறைச்சாலையில் ஆட்களை எண்ணுவதற்கு முன்னால் என் ஆணிகளை எண்ணுவார்கள். காலை ஏழரைக்கு வாசலில் வேலைப்பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். ஸ்க்ரூ ட்ரைவர் நாலு, குறடு இரண்டு, ஆணி நூற்றிருபது என்று வாசல் காவலுக்கு நிற்கும் ஒரு பெடியன் எழுதுவான். மாலையில் சுவரில் அடித்தது போக மிச்சம் சரியாக இருந்தால்தான் வெளியே விடுவான். ஒருநாள் ஓர் ஆணி குறைந்து போய், அரைமணி நேரம் தேடினால், அது என் சோற்றுப் பெட்டிக்குள் சுறாப் புட்டுக்கு நடுவில் கிடந்தது. அந்தப் பெடியன் புட்டைக் கிளறிப் பார்த்து, இது என்ன மரத்தூளா என்று கேட்டான். ஒரு வாய் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து என் ஆணிகளைக் கொஞ்சம் அன்போடு எண்ணினான்.

ஊரில் இதை வாசிக்கிறவர்கள், கரடியனாற்றுக் கந்தப்பன் கடைசியில் சிறைக்குப் போய்விட்டான் என்று சந்தோஷப்பட வேண்டாம். நான் போனது கொந்தராத்து வேலைக்கு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த நாட்டில் கோப்பை கழுவி, கூரைக்குள் ஊர்ந்து வயர் இழுத்து, இன்று பதினாலு பேரை வைத்து ஒரு கொம்பனி நடத்துகிறேன். அதில் மூன்று பேர் என்ஜினியர்மார். மூவருக்கும் ஏணியில் ஏறப் பயம்.

வேலை இதுதான். முன்பு காவலர்கள் கைதிகளை எண்ணித் தாளில் எழுதினார்கள். இனி அவர்கள் கையில் ரெலிபோன் மாதிரி ஒரு கருவி. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சின்ன வில்லை, ஒவ்வொரு கைதியின் மணிக்கட்டிலும் ஒரு பட்டி. காவலர் முதலில் கதவைக் கருவியால் தொடுவார், பிறகு மணிக்கட்டைத் தொடுவார். இன்னார் இந்த அறையில் இந்த நேரம் இருந்தார் என்று கொம்பியூட்டரில் ஏறிவிடும். கணக்கெடுக்கும் மென்பொருளை வேறொரு கொம்பனி செய்தது. கதவுகளில் வில்லையைப் பூட்டி, எந்த வில்லை எந்த அறை என்று பதிந்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. நாற்பத்தெட்டு அறைகள், அறைக்கு ஓர் ஆள். என்னோடு வந்தவர் ஹனிபா. காத்தான்குடிக்காரர். கொம்பியூட்டர் விஷயத்தில் என் என்ஜினியர்மாரை விடக் கெட்டிக்காரர். பதினெட்டு வருஷமாக என்னோடு சண்டை பிடித்துக்கொண்டே வேலை செய்கிறார்.

எங்கள் கொம்பனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த வேலையிலும் முதலாவதை நான்தான் என் கையால் செய்வேன். அதற்கு ஒன்று என்று இலக்கம் போட மாட்டேன். லாபம் என்று எழுதுவேன். இரண்டாவதிலிருந்துதான் இலக்கம். ஏன் என்று எங்கள் பக்கத்து விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சூடு மிதித்துத் தூற்றிய நெல்லை என் அப்பா மரைக்காலால் அளப்பார். முதல் மரைக்காலைக் கொட்டும்போது லாபம் என்பார், அடுத்ததற்கு இரண்டு என்பார். ஒன்று என்ற சொல் களத்தில் வாயில் வரக்கூடாது. எனக்கு ஏழு வயதில் எண்ணுகிற உத்தியோகம் கிடைத்தது. பெருமையில் “ஒண்டு!” என்று கத்திவிட்டேன். அப்பா மரைக்காலைக் கீழே வைத்தார். அளந்ததைத் திரும்பப் பொலிக் குவியலில் கொட்டினார். முதுகில் ஒன்று வைத்தார். பிறகு லாபத்திலிருந்து தொடங்கினார். அன்றிலிருந்து எதை எண்ணினாலும் எனக்கு முதலாவது லாபம்தான். கனடாவில் எத்தனையோ கட்டடங்களில் முதல் பிளக்கின்மேல் ஆங்கில எழுத்தில் ‘லாபம்’ என்று ஒட்டியிருக்கிறேன். ஒரு குறையும் வரவில்லை. வயருக்கு வாசிக்கத் தெரியாது.

ஆனால் மென்பொருளுக்குத் தெரியும்.

முதலாம் அறை வில்லையை நானே பூட்டி, நானே பெயர் பதிந்தேன். ஹனிபா என் பெயரில் ஒரு பொய்க் கைதியை உண்டாக்கி, என் மணிக்கட்டில் பட்டியைக் கட்டி, அந்தக் கதவடியிலேயே சோதித்தார். கதவைத் தொட்டார், பச்சை. என்னைத் தொட்டார், பச்சை.

“அண்ணன், இப்ப நீங்க உள்ள,” என்றார்.

“நான் பாக்காத உள்ளயா மனே?” என்றேன்.

காவலர்களுக்குப் பொறுப்பான சார்ஜன்ட் லின்டா பக்கத்தில் நின்றார், எங்கள் சிரிப்புக்குக் காரணம் கேட்டார். எனக்குச் சிறைச்சாலையில் பழைய அனுபவம் இருக்கிறது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். நல்லது, எந்தக் கொம்பனியின் கருவி பூட்டினீர்கள் என்று கேட்டார். கருவி ஒன்றும் இல்லை, விரலால் எண்ணினார்கள் என்றேன். பழைய முறை என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

கருவிக்குப் பரீட்சை நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று தாள் கிடையாது, கருவி மட்டும்தான். கணக்குச் சரியாகாமல் ஒரு கதவும் திறக்காது என்பது அந்த இடத்துச் சட்டம். காலை பத்து மணிக்கு எல்லாக் கதவையும் எல்லா மணிக்கட்டையும் தொட்டு முடித்தார்கள். எல்லாம் பச்சை. கருவி சொன்னது நாற்பத்தேழு. கண்ணால் பார்த்தால் நாற்பத்தெட்டு. திரும்ப எண்ணினார்கள். அதே நாற்பத்தேழு. மூன்றாம் முறை லின்டா தானே எண்ணினார். கருவிக்கு அசைவே இல்லை.

நான் நெஞ்சை நிமிர்த்தி, இது மென்பொருள்காரரின் பிழை, என் வில்லை ஒன்றுகூடப் பிழைக்காது என்று அறிவித்தேன். அவர்களுக்குப் போன் போட்டார்கள். பின்னேரம் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பின்னேரம் வரைக்கும் இருக்கலாம், என்ன அவசரம் என்றேன் நான்.

அவசரம் முதலாம் அறையில் இருந்தது. டேரல் என்று ஒரு மனிதர். அன்று பத்தரைக்கு அவருக்கு விடுதலை. தாயும் ஏழு வயது மகளும் நாலு மணி நேரம் பனிக்குள் கார் ஓடி வந்து வெளியே நிற்கிறார்களாம். விடுதலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிற கந்தோர் பன்னிரண்டு மணிக்குப் பூட்டினால் பிறகு திங்கட்கிழமைதான். அவர் சப்பாத்தைப் போட்டு, கயிறும் கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தார். கதவுக் கண்ணாடியால் என்னைப் பார்த்து, என்னை மறந்துவிட்டார்களா என்று கேட்டார். கவலைப்படாதே, பின்னேரம் சரியாகும் என்று பெரிய மனிதர் மாதிரிச் சொன்னேன். அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்டினார்.

பதினொன்றரைக்கு ஹனிபா என் சட்டையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்தார்.

“அண்ணன், என்ன வேல பாத்து வெச்சிரிக்கீங்க? இஞ்ச பாருங்க. முதலாம் அறையில லாபம் எண்டு இரிக்கி!”

“அதுக்கென்ன? எப்பவும் போடுறதுதானே.”

“இந்த மென்பொருள் இலக்கம் இரிக்கிற இடத்தத்தான் ஆள் இரிக்கிற அறையெண்டு எடுக்கும். எழுத்து இரிந்தா குசினி, சாமான் அறை மாதிரி. அங்க ஆள் நிண்டாலும் கணக்கில ஏறாது. அந்த மனிசன நீங்க சாமானாக்கிப் போட்டீங்க!”

“சத்தம் போடாத. ஒருத்தருக்கும் தெரியாம மாத்து.”

“ஏலா. பரீட்சை நேரம் பெயர் மாத்திறண்டா சார்ஜன்ட்ட கைநாட்டு வேணும். காரணம் கேப்பாங்க. என்ன சொல்ல?”

“மென்பொருள்காரன் பின்னேரம் பாக்கட்டும். அவன்ட பிழையெண்டு போகும்.”

ஹனிபா முதலாம் அறையின் கதவுக் கண்ணாடிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

நான் சொன்ன பழைய அனுபவம் இதுதான். இருபத்திரண்டு வயதில், ஊரில் யுத்தம் நடந்த நேரம், உன்னிச்சைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற என்னை ஆமிக்காரர் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெரிய மண்டபத்தில் எட்டு மாதம். காலையில் விரலால் எண்ணுவார்கள். ஒருநாள் விடுகிற ஆட்களின் பட்டியல் வாசித்தார்கள். என்னோடு பிடிபட்ட எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயரைத் தட்டெழுதியவர் விட்டுவிட்டார். பட்டியலில் இல்லாதவனை எப்படி விடுவது என்று கேட்டார்கள். பட்டியலில் இல்லாதவனை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற காலமா அது? இன்னும் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். முதல் மூன்று நாளும் நான் செருப்பைக் கழற்றவில்லை. எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று.

பதினொன்று நாற்பதுக்கு லின்டாவிடம் போனேன். பிழை என்னுடையது என்றேன். முப்பது வருஷத்தில் இந்த நாட்டில் நான் அந்த வசனத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இலக்கணம் சரியா என்றும் தெரியாது. ஏன் ஒன்று என்று போடவில்லை என்று கேட்டார். நெல், மரைக்கால், அப்பா, முதுகில் விழுந்த அடி எல்லாம் சொன்னேன். அவர் மிகவும் பக்குவமாக, இது உங்கள் மத நம்பிக்கையா என்று கேட்டார். விவசாயம் என்றேன். காரணம் எழுதுகிற படிவத்தில் விவசாயத்துக்குக் கட்டம் இல்லை. மதத்துக்கு இருந்தது. அதில் சரி போட்டு, தாமதத்துக்கு அவரே என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

ஹனிபா ஓர் இலக்கத்தை அடித்தார். கருவி நாற்பத்தெட்டு என்றது. பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்க டேரலின் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, என் அறையை ஏதோ பெயர் சொல்லி அழைத்தீர்களாமே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். லாபம் என்றால் என்ன என்று சொன்னேன். அவர் சிரித்து, என்னை ஒருவரும் இதுவரை அந்தக் கணக்கில் வைத்ததில்லை என்றார். கதவு திறந்தபோது வெளியே ஒரு சிவப்புத் தொப்பி பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடி வந்தது தெரிந்தது.

அதன் பிறகு மாசியில் ஊருக்கு வந்தேன். என் வயல் வட்டையில் மெசின் ஒரே நாளில் நெல்லை வெட்டி, மூட்டையாகவே தந்துவிட்டது. லொறியில் ஏற்றுகிறவர் “ஒண்டு” என்று தொடங்கினார். “லாபம் எண்டு சொல்லு!” என்று வரம்பிலிருந்து கத்தினேன். “வெளிநாட்டு ஐயா, மூட்டைக்கு ஏது லாபம்? ரசீதில ஒண்டெண்டுதான் எழுதோணும்,” என்று சிரித்துவிட்டு இரண்டாவதைத் தூக்கினார்.

அந்த நேரம் கனடாவிலிருந்து ஹனிபாவின் போன் வந்தது.

“அண்ணன், சிறைச்சால கணக்கில உங்கட பொய்ப் பெயர் இன்னும் இரிக்கி. உள்ள போன நேரம் இரிக்கி, வெளிய போன நேரம் இல்ல. இடம் எண்ட கட்டத்தில லாபம் எண்டு கிடக்கு. அழிக்கவா?”

அப்படி ஓர் அறை இப்போது அங்கேயும் இல்லை. லொறியில் இங்கே எட்டாவது மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

“கிடக்கட்டும்,” என்றேன்.