பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு கால் டாலர்

மார்லிஸ் ஹாவ்லிச்செக் எங்கள் ஊர் நாணயக் கிளப்பில் சேர்ந்தது பழைய காசு மேல் இருந்த ஆசையால் அல்ல. நெடுஞ்சாலை ஓரத்தில் அவளுக்கு ஒரு லாண்டரி இருந்தது. வீட்டில் துவைக்கிற மெஷின் இல்லாதவர்கள், இருந்தும் கெட்டுப்போனவர்கள், இறைச்சி ஆலை வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் அங்கே வந்து கால் டாலர்களைப் போட்டுத் துவைத்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் அவள் மெஷின்களின் காசுப் பெட்டிகளைத் திறந்து காசையெல்லாம் வாளியில் கொட்டுவாள்.

"இவ்வளவு காசு என் கை வழியா போகுது. எதைப் போக விடறேன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றுதான் முதல் நாள் கிளப்புக்கு வந்தபோது சொன்னாள். கிளப் கூடுகிற லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

அவளுடைய புருஷன் லீலண்ட் உயிரோடு இருந்தவரை, அவள் சொன்ன எதையும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. வயலில் தண்ணீர் குழாய் ஒழுகுகிறது என்று அவள் சொன்னால், பக்கத்து வயல்காரனைக் கூட்டிவந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் நம்புவான். கெட்டவன் இல்லை. அவன் சுபாவம் அப்படி. அவன் போன பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டு அவள் லாண்டரியை வாங்கியபோதும் ஊரில் பாதிப் பேர் "யாரைக் கேட்டு வாங்கினே?" என்றுதான் கேட்டார்கள்.

ஒரு மார்ச் மாதக் கூட்டத்துக்கு அவள் ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து மேஜையில் பிரித்தாள். உள்ளே 2000-ஆம் வருடத்துக் கால் டாலர் ஒன்று. வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாக மின்னியது.

கிளப் தலைவர் கேலார்ட் புரூயிட் லென்ஸை எடுக்கக்கூட இல்லை. மெயின் ஸ்ட்ரீட்டில் துப்பாக்கியும் பழைய காசும் விற்கிற கடை வைத்திருந்தவர் அவர்.

"டிவியில விக்கறான் பாரு, மாநிலத்துக்கு ஒண்ணா அடிச்ச கால் டாலருக்கெல்லாம் தங்க முலாம் பூசி, வெல்வெட் பெட்டியில வெச்சு. அதுல ஒண்ணுதான் இது. எவனோ பெட்டியை உடைச்சு ஜட்டி துவைக்கப் போட்டுட்டான்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் மார்லிஸ்.

"அப்புறம் எதுக்குக் கைக்குட்டையில சுத்திக் கொண்டுவந்தே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் குறுக்கே பேசினேன். காசில் இருந்த அந்த 2000-ஆம் வருடம்தான் பொன்னிற ஒரு டாலர் காசு புதிதாக வந்திருந்தது. நாணயச்சாலையில் எப்போதாவது டாலருக்கு உரிய, இன்னும் அச்சடிக்காத உலோக வில்லை தவறிப்போய்க் கால் டாலர் அச்சுக்குள் விழுந்துவிடும். அப்படி அடிபட்ட மஞ்சள் கால் டாலர்கள் சில உண்டு. ஒன்று கிடைத்தால் நல்ல கார் வாங்கலாம்.

"எடை போட்டுப் பாக்கலாமே," என்றேன்.

"இதுக்கு எடை வேறயா?" என்றார் கேலார்ட். "தராசு கடையில கெடக்கு. அடுத்த வாரம் தரம் பாக்கறதுக்குக் கிளப்புல சேர்த்து அனுப்பறோமில்ல, வேணும்னா இதையும் போடு. முலாம்னு அவங்களே எழுதி அனுப்புவாங்க. அப்பவாவது நீங்க ரெண்டு பேரும் நம்புவீங்க."

தரம் பார்க்கிற கம்பெனி டெலவேரில் இருந்தது. இப்போது இல்லை. காசை அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மதிப்பெண் போட்டு, திறக்க முடியாதபடி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒட்டி, மேலே சீட்டு வைத்து அனுப்புவார்கள். சொன்னது தப்பாகிப்போனால் நஷ்டத்தைத் தருவதாக உத்தரவாதமும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காசை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மே மாதம் பார்சல் திரும்பி வந்தது. கேலார்ட் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர், மார்லிஸுடையதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். சீட்டில் 'டாலர் வில்லையில் அடிக்கப்பட்ட பிழை நாணயம்' என்று இருந்தது. கீழே கம்பெனியின் வெள்ளி முத்திரை.

"சரி," என்றார் கேலார்ட் கடைசியில். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த ஒரு 'சரி' மார்லிஸை எப்படி மாற்றியது என்று பார்த்தவள் நான். மாவட்ட வாரப் பத்திரிகையில் படம் வந்தது. லாண்டரிக்கு வந்தவர்கள் உலர்த்தும் மெஷின் ஓடி முடிகிறவரை அவளிடம் காசைப் பற்றிக் கேட்டார்கள். வங்கி மேலாளர் காசை வைத்திருந்த பெட்டக அறைக்கு அவளைக் கூட்டிப்போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டங்களில் பேச ஆரம்பித்தாள். "நான் ஒண்ணும் சொல்லலையே, அவங்கதான் சொன்னாங்க," என்பாள், முகமெல்லாம் பிரகாசமாக. புதிதாக வருகிறவர்களிடம், "நீங்களா முடிவு பண்ணாதீங்க, தரம் பாக்க அனுப்புங்க," என்று புத்தி சொல்வாள்.

காசை விற்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. இரண்டு வருடம் கழித்து ஜூன் மாத ஆலங்கட்டி மழை லாண்டரியின் கூரையைச் சல்லடையாக்கியது. இன்சூரன்ஸ்காரர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, கூரையின் ஆயுள் ஏற்கெனவே முடிந்துவிட்டது, பணம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் பெட்டகத்திலிருந்து அதை எடுத்தாள்.

ஒமாஹாவில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு என் காரில் போனோம். வழியில் ஆளுக்கொரு ரன்ஸா, அந்தப் பக்கத்து மாட்டிறைச்சி பன், வாங்கி மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கூரைக்குப் போக மிச்சத்தில் புது உலர்த்தும் மெஷின்கள் வாங்கலாமா என்று பேசிக்கொண்டே வந்தாள்.

பிழை நாணயங்கள் வாங்குகிற கான்ராட் என்பவர் அங்கே கடை போட்டிருந்தார். அடர்ந்த மீசை, மெதுவான பேச்சு. பெட்டியை வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதை எங்கங்க வாங்குனீங்க?"

"வாங்கல. என் மெஷின்ல விழுந்துச்சு."

அவர் சின்ன தராசு ஒன்றை எடுத்து வைத்தார். அதே கம்பெனிப் பெட்டிக்குள் இருந்த சாதாரணக் கால் டாலர் ஒன்றை எடுத்து எடை போட்டார். பிறகு மார்லிஸின் பெட்டியை வைத்தார். இரண்டும் ஒரே எடை. பிறகு அதே கம்பெனிப் பெட்டிக்குள் இருந்த பொன்னிற டாலர் ஒன்றை வைத்தார். அது கனமாக இருந்தது. கணிசமாகவே கனம்.

"டாலர் வில்லையில அடிச்சிருந்தா இந்த எடை வரணும்ங்க," என்றார். "உங்களுது வெறும் கால் டாலர். மேல முலாம்."

"சீட்டுல எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. சீட்டு எழுதுனவங்ககிட்டயே கேளுங்க. உத்தரவாதம் குடுத்திருக்காங்கல்ல."

இன்னும் இரண்டு கடைகளில் காட்டினாள். ஒருவர் தராசை எடுத்தார். இன்னொருவர் தூரத்திலிருந்தே முலாம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது, பிளாட் ஆற்றுப் பாலம் தாண்டியதும் சொன்னாள்: "பெரிய மெஷின் வெச்சுக் கண்டுபிடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. ஒரு தராசு. அது அவங்ககிட்ட இல்லையா?"

மறுவாரமே பெட்டியை மறுபரிசீலனைக்கு அனுப்பினாள். அதே பெட்டி, அதே சீட்டோடு, 'எங்கள் கருத்தில் மாற்றமில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. துணி மடிக்கிற மேஜை மேல் போனை வைத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள்.

"எடை போட்டீங்களா?" என்றாள் மார்லிஸ்.

"பெட்டிக்குள்ள இருக்கற காசை எடை போட முடியாதுங்க மேடம்."

"அப்போ தெறங்க."

"எங்க கருத்து சரியா இருக்கறப்போ தெறக்கறதுக்கு அவசியம் இல்லைங்க மேடம்."

"சரியான்னு பாக்கத்தாம்மா தெறக்கச் சொல்றேன்."

"புரியுதுங்க மேடம்."

"புரியல உனக்கு. சரி, நானே தெறந்தா?"

"நீங்க தெறந்தா உத்தரவாதம் செல்லாதுங்க மேடம்."

மார்லிஸ் போனை அணைத்துவிட்டு, கழுவி வைத்த தரையை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியை ஒரு உதை விட்டாள். தண்ணீர் கொட்டியது. அதையும் துடைத்தாள்.

அந்த சமயம் பார்த்து அரிசோனாவிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டார். தர்மன் பீஸ்லி, ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர். பழைய பத்திரிகைச் செய்தியை இணையத்தில் பார்த்தாராம். பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், கேட்கிற விலையைத் தருகிறேன் என்றார். அவர் சொன்ன தொகையில் கூரையும் வந்திருக்கும், மெஷின்களும் வந்திருக்கும்.

கேலார்ட் இதைக் கேள்விப்பட்டு லாண்டரிக்கே வந்துவிட்டார்.

"குடுத்துடு மார்லிஸ்."

"முலாம்னு மொதல்ல சொன்னதே நீங்கதான்."

"இப்பவும் சொல்றேன், முலாம்தான். ஆனா அந்தாள் காசையா வாங்கறான்? பெட்டியை வாங்கறான். பெட்டி அசல். நீ யாரையும் ஏமாத்தல."

"இத்தனை நாளும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தச் சீட்டு வந்தன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா யார் கேட்டிருப்பா? நீ கேட்டிருப்பியா?"

தானும் கேட்டிருக்கப்போவதில்லை என்று தோன்றியபோது வந்த கோபம்தான் எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

பீஸ்லியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். எடை குறைகிறது, மூன்று வியாபாரிகள் முலாம் என்கிறார்கள், வாங்காதீர்கள் என்றாள்.

"நீங்க காசு தரம் பாக்கறவங்களா?" என்றார் அவர்.

"நான் லாண்டரி நடத்தறவ."

"அப்போ தொழில் தெரிஞ்சவங்க சொன்னதை நான் நம்பிக்கறேன். வேற யாரோ கூட வெலைக்குக் கேக்கறாங்கன்னா நேராச் சொல்லுங்க. நானும் ஏத்தித் தரேன்."

"வேற யாரும் கேக்கல. எடை கொறையுதுன்னு சொல்றேன்."

"யோசிச்சுட்டுக் கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தரம் விலையை ஏற்றிப் போனில் குரல் செய்தி விட்டார். ஒவ்வொன்றையும் அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். உண்மையைச் சொல்லியும் ஒரு ஆளை நம்பவைக்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆறவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன் நான் போனபோது, மேஜை மேல் ஒரு துண்டை விரித்துக் குறட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உத்தரவாதம் போயிடும், மார்லிஸ்."

"என்னத்துக்கு உத்தரவாதம்? பொய்க்கா?"

பெட்டியின் மூலையைக் குறட்டால் கடித்து முறுக்கினாள். பிளாஸ்டிக் சுலபமாக விடவில்லை. கடைசியில் விரிந்தபோது குறடு வழுக்கிக் காசின் ஓரத்தைக் கீறியது. கீறின இடத்தில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தது. எடை போடவே தேவையில்லை. ஆனாலும் மருந்துக்கடைக்குப் போய் அவர்கள் தராசில் போட்டாள். சாதாரணக் கால் டாலரின் எடைதான்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. உடைந்த பிளாஸ்டிக், சீட்டு, காசு மூன்றையும் அதே கம்பெனிக்கு அனுப்பினாள், மறுபடி கட்டணம் கட்டி. இந்த முறை காசு ஒரு மெல்லிய உறையில் வந்தது. 'முலாம் பூசப்பட்டது. தரம் வழங்க இயலாது.'

மறுபடி போன். வேறு ஒரு பெண், அதே மரியாதை.

"ரெண்டும் ஒரே காசும்மா," என்றாள் மார்லிஸ். "அன்னைக்கு அசல்னீங்க, இன்னைக்கு முலாம்ங்கறீங்க."

"அதே காசுன்னு உறுதி பண்ண எங்ககிட்ட வழி இல்லைங்க மேடம்."

"சீட்டை அனுப்பியிருக்கேனே."

"சீட்டை யார் வேணும்னாலும் அனுப்பலாங்க மேடம். எங்க பதிவுப்படி அந்தக் காசு பெட்டிக்குள்ளதான் இருக்கு."

"பெட்டியே இல்லையேம்மா," என்றாள் மார்லிஸ் மெதுவாக. அந்தப் பெண் வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

கூரைக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கினாள். இலையுதிர் காலம் முழுக்கப் பாதி மெஷின்கள் தார்ப்பாய்க்குக் கீழே நின்றன. வாடிக்கைக்காரர்களில் சிலர் அடுத்த ஊருக்குத் துவைக்கப் போனார்கள்.

அக்டோபர் கூட்டத்தில், மறுபடியும் தரம் பார்க்கச் சேர்த்து அனுப்புவதைப் பற்றிப் பேச்சு வந்தது. மார்லிஸ் எழுந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அதே கம்பெனி வேண்டாம், வேறு ஒன்றுக்கு அனுப்பலாம் என்று கையைத் தூக்கி முடிவு செய்தார்கள். கூட்டம் முடிந்து சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் பரிமாறுவதற்கு முன்பே அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

வந்தாள். அடுத்த மாதம் ஒரு நல்ல தராசு வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். சோளக் களஞ்சியத்தில் வேலை பார்க்கிற ஹார்லன் ட்ராயர், ஏலத்தில் எடுத்த பழைய அரை டாலர் ஒன்றை அதன் மேல் வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

"எடை கொறையுது, ஹார்லன். வெள்ளி இல்ல இது."

"அப்படியா?" என்று அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அனுப்பிப் பாப்போம். அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கலாம்."

மார்லிஸ் தராசை அணைத்துவிட்டுக் காபி ஊற்றிக்கொள்ள எழுந்து போனாள்.